சில்லறையில்லாத எண்

நமுனுகுல என்னும் சிங்களப் பெயருக்கு ஒன்பது முடிகளையுடைய மலை என்று பொருள் கூறுவர். பதுளை நகருக்கு அண்மையிலே கடல் மட்டத்திலிருந்து 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் அம்மலை, பசறைப் பக்கத்தில் நின்று நோக்குவார்க்கு ஒரு தோற்றமும் தெமோதரைப் பக்கத்தில் நின்று நோக்குவார்க்கு வேறொரு தோற்றமும் தரும். நிற்கும் இடத்துக்கும் முகில் மூடும் அளவுக்கும் ஏற்ப முடிகள் கூடியும் குறைந்தும் காணப்படும். ஆயினும் ஒன்பது என்ற தொகை பெயரிலே நிலைத்துவிட்டது. பெயரோடு ஒட்டிக்கொண்ட எண்ணை எவரும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அம்மலையின் சரிவுகளிலும், ஊவா மாகாணத்திலும் மத்திய மலைநாட்டிலும் பரந்து கிடக்கும் ஏனைய தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ் மக்கள்மேலும் ஒருகால் இவ்வாறே ஓர் எண் ஒட்டிக்கொண்டது. அது மலையின் எண்ணைப் போலச் சிறியதன்று. ஆறு இலக்கங்கள் கொண்டது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்: 9,75,000. வரலாற்றாசிரியர் அதனைப் பலவாறு ஆராய்ந்திருக்கின்றனர்; அரசியலாளர் அதன்மேற் பேசிய பேச்சுகளுக்கு அளவில்லை. அதனை ஒரு முழுவெண்ணாக மட்டும் எடுத்து, காரணிகளாகப் பகுத்து, மாணவன் பார்ப்பது போலப் பார்த்தால் என்ன? அந்த எண் தன் பிறப்பைத் தானே கூறும் என்பதே இக்கட்டுரையிற் காட்ட விழைவது.

தோட்டத்து எண்ணிக்கை

எண்ணுதல் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று. விடியற்காலையிற் பெரட்டுக்களத்திலே ஆட்கள் எண்ணப்படுவர். மலையிலே நிரைகள் எண்ணப்படும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முன்னாளில் இறாத்தலும் பின்னாளிற் கிலோவும் எண்ணப்பட்டன. இவ்வளவையும் எழுதிவைப்பவருக்குக் கணக்கப்பிள்ளை என்றே பெயர். மாலையிற் செக்குரோலிலே 'பேர்' விழும்.

இந்தப் 'பேர்' என்ற சொல்லைத் தோட்டத்து வழக்கு ஆளும் முறை நுட்பமானது. ஒரு நாள் வேலை நிறைந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரே அவனது உழைப்பை அளக்கும் அலகாயிற்று. உலகிலே அரை மனிதன் இல்லை. தோட்டத்திலோ அரைப்பேர் உண்டு. அதிலுள்ள கொடுமை வெளிப்படை. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. அந்த அரையும் ஒரு பெயருக்கு நேரேதான் எழுதப்பட்டது. இன்னாருடைய அரை என்பது எழுதியவருக்கும் தெரியும், இழந்தவருக்கும் தெரியும். செக்குரோல் என்பது எண்ணும் பெயரும் கைகோத்து நிற்கும் ஏடு.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியிலே இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தக் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் நின்ற இந்திய வமிசாவளி மக்களின் தொகை ஏறத்தாழ 9,75,000 என்று அதிலே கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும். இவ்வாறு முடிவாயிற்று. கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். எண்ணப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் எதுவும் அக்கடிதங்களோடு இல்லை.

எண்ணைப் பகுத்தல்

இனிக் கரும்பலகைக்கு வருவோம். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறொன்றாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்கிறோம். பகா எண் என்றும் கூறுவர். ஒன்றின் மேற்பட்ட முழுவெண் ஒவ்வொன்றும் முதன்மை எண்ணாகவோ முதன்மை எண்களின் பெருக்கமாகவோ அமையும். அவ்வாறு பகுக்கும் வழியும் ஒன்றே ஒன்றுதான். ஆகவே முதன்மைக் காரணிகள் ஓர் எண்ணின் பிறவிக் குறிகள் போன்றவை.

9,75,000 என்பதைப் பகுத்தால் மூன்று இரண்டுகள், ஒரு மூன்று, ஐந்து ஐந்துகள், ஒரு பதின்மூன்று கிடைக்கின்றன. இரண்டை மும்முறை பெருக்கினால் 8. அதனை மூன்றாற் பெருக்கினால் 24. ஐந்தை ஐம்முறை பெருக்கினால் 3,125. இவ்விரண்டின் பெருக்கம் 75,000. அதனைப் பதின்மூன்றாற் பெருக்கினால் 9,75,000. திரும்ப வருவனவற்றையும் சேர்த்து எண்ணினால் முதன்மைக் காரணிகள் பத்து. அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், ஒன்றையும் அவ்வெண்ணையும் உட்படக் கணக்கிட்டால், 96.

தொண்ணூற்றாறு என்பது பெரிதா, சிறிதா? ஒரு மில்லியனுக்கு உட்பட்ட எண்களுக்குச் சராசரியாக வகுத்திகள் ஏறத்தாழ 14. அந்த எல்லைக்குள் மிகுதியான வகுத்திகளைப் பெற்ற எண்களுள் முதலில் வருவது 7,20,720. அதற்கு 240 உண்டு. தன்னினும் சிறிய எண் எதனினும் மிகுந்த வகுத்திகளையுடைய இத்தகைய எண்களைக் குறித்து, ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டிலே நீண்டதோர் ஆய்வுரை வெளியிட்டார். நமது எண் அந்த உச்சியை எட்டவில்லை. ஆயினும் சராசரியைப் போல ஏழு மடங்குக்கு அண்மையில் நிற்கிறது.

இராமானுஜனும் சில்லறையும்

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1917இல், இராமானுஜனும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியும் சேர்ந்து வேறோர் ஆய்வுரை எழுதினர். ஓர் எண்ணுக்கு இயல்பாக எத்தனை முதன்மைக் காரணிகள் இருக்கும் என்பதே அதன் பொருள். நாம் அன்றாட வழக்கிலே சில்லறையில்லாத தொகை என்று ஒன்றைச் சொல்கிறோம். கடைக்காரர் 1,201 ரூபாய் என்னாமல் 1,200 என்று முடித்துக்கொள்வார். சில்லறையில்லாத எண்ணின் கணித இயல்பு யாது? சிறிய முதன்மைக் காரணிகள் பலவற்றின் பெருக்கமாய் அது அமைந்திருப்பதே. 1,200க்கு நான்கு இரண்டுகள், ஒரு மூன்று, இரண்டு ஐந்துகள் என ஏழு காரணிகள். அதை அடுத்து நிற்கும் 1,201 ஒரு முதன்மை எண், எதனாலும் உடையாதது.

வாடகை வண்டிகளிலும் புகைவண்டிப் பெட்டிகளிலும் கண்ணிற் படும் எண்களைப் பகுத்துப் பார்க்கும் பழக்கமுடையோர்க்கு, சில்லறையில்லாத எண்கள் மிக அரியன என்பது தானே புலப்படும் என்ற கருத்தை அவ்விருவரும் தம் ஆய்வுரையிற் கூறியிருக்கின்றனர். பின்னர் அந்த அனுபவ உண்மையைத் தேற்றமாக நிறுவினர். ஓர் எண்ணின் இயற்கை மடக்கையைக் கண்டு, அம்மடக்கைக்கு மீண்டும் மடக்கை காண்க. பெரும்பாலான எண்களுக்கு முதன்மைக் காரணிகளின் தொகை அந்த அளவையே ஒட்டி நிற்கும். 9,75,000 அளவிலுள்ள எண்ணின் மடக்கை ஏறத்தாழ 13.8, அதன் மடக்கை ஏறத்தாழ 2.6. நூறு இலக்கங்கள் கொண்ட பேரெண்ணுக்கும் இந்த அளவு 5.4ஐயே எட்டும். எண்கள் எவ்வளவு பெருத்தாலும் காரணிகள் மெல்லவே பெருகும் என்பது இதன் பொருள். 1934ஆம் ஆண்டில் ஹங்கேரியக் கணித அறிஞர் பால் துரான் இதற்கு எளிய நிறுவல் தந்தார்.

ஆகவே ஆறு இலக்க எண்ணொன்று இயல்பாகப் பெறும் முதன்மைக் காரணிகள் இரண்டோ மூன்றோ. திரும்ப வருவனவற்றைச் சேர்த்தாலும் மூன்றோ நான்கோ. நமது எண்ணுக்கோ பத்து. தானே விளைந்த எண்ணிடத்தே இவ்வளவு மழமழப்பைக் காண்பது அரிது. மனிதர் ஒருவரையொருவர் நோக்கி, 'இவ்வளவாக வைத்துக்கொள்வோம்' என்று இசைந்து படைத்த எண்ணிடத்தே அது இயல்பு.

இரண்டு அயலவர்

இதனைத் தெளிவாகக் காண அயலில் உள்ள வேறோர் எண்ணை நோக்குவோம். 1953ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு இலங்கையிலிருந்த இந்தியத் தமிழரின் தொகையை 9,74,098 என்று காட்டியது. இரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள தூரம் 902 மட்டுமே. இரண்டும் ஒரே கூட்டத்தைக் குறிப்பன அல்ல என்பதையும் உடனே கூறவேண்டும். 1953இன் எண் குடியுரிமை பெற்றோர், பெறாதோர் அனைவரையும் அடக்கியது. 1964இன் எண் நாடற்றவரை மட்டும் குறித்தது. எனினும் எண் வரிசையிலே அவை அயல்வீட்டார்.

அயலவரின் இயல்போ பெரிதும் வேறு. 9,74,098ஐ இரண்டால் வகுத்தால் 4,87,049 வரும். அதனை மேலும் வகுக்க முயன்று பாருங்கள். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று தொடங்கி 691 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாலும் மீதி நில்லாத இடமில்லை. அதற்கு மேற் செல்ல வேண்டியதில்லை. அடுத்த முதன்மை எண்ணாகிய 701இன் வர்க்கம் 4,87,049ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 4,87,049 ஒரு முதன்மை எண். 9,74,098க்கு உள்ள வகுத்திகள் நான்கே நான்கு. ஒருபுறம் 96, மறுபுறம் 4.

இதற்கு மாறானதொரு காட்டும் உண்டு. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலே அதே மக்களின் தொகை 8,18,656. அதில் இரண்டு என்ற காரணி ஐந்து முறை வருகிறது. அப்படியானால் அதுவும் சில்லறையில்லாத எண்ணோ என ஐயுறலாம். ஐந்து இரண்டுகளையும் எடுத்த பின் எஞ்சுவது 25,583; அது முதன்மை எண். உடைக்க முடியாத பெரும்பாறை ஒன்று உள்ளே கிடக்கிறது. எண்ணிப் பெற்ற எண்களிற் பெரும்பாலும் இவ்வாறு ஏதோ ஒரு பாறை கிடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டினால் எதையும் நிறுவிவிட முடியாது என்பதைக் கணிதம் பயின்றோர் அறிவர். ஒரு குடிசன மதிப்பு தற்செயலாக 9,75,000 என்றே முடிவதும் இயலாததன்று. ஆயினும் உள்ளபடி எண்ணிய தொகையின் இறுதியில் மூன்று பூச்சியங்கள் அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. ஒப்பந்தத்திலோ மொத்தமும் அதன் மூன்று கூறுகளும் அவ்வாறே முடிகின்றன. கடிதமும் 'ஏறத்தாழ' என்றே கூறியது; அதை மறைக்கவில்லை. குறை 'ஏறத்தாழ' என்ற சொல்லில் இல்லை. அந்தச் சொல் விரைவில் மறக்கப்பட்டு, எண் மட்டும் எஞ்சியதிலேயே குறை இருக்கிறது.

மரக்கால்

இப்பொழுது மூன்று கூறுகளையும் ஒன்றாக நோக்குவோம். மூன்று நெற்குவியல்கள் இருக்கின்றன. மூன்றையும் தலைதட்டி, மீதமின்றி அளக்கக்கூடிய மிகப் பெரிய மரக்கால் எது? கணித வகுப்பிலே இதனைப் பொதுக் காரணிகளுட் பெரியது என்போம். அதைக் காணும் வழியை யூக்கிளிட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூறிச் சென்றார். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகவேண்டும். 5,25,000இலிருந்து 3,00,000 போக 2,25,000. 3,00,000இலிருந்து 2,25,000 போக 75,000. 2,25,000இல் 75,000 மும்முறை அடங்கும். மூன்றாங் குவியலாகிய 1,50,000இல் அது இருமுறை அடங்கும். ஆகவே மரக்காலின் அளவு 75,000.

அந்த மரக்காலால் அளந்தால் இந்தியாவுக்கு ஏழு, இலங்கைக்கு நான்கு, பின்னர் பார்ப்பதற்கு இரண்டு, மொத்தம் பதின்மூன்று. நமுனுகுலத் தோட்டமொன்றின் லயத்து வாசலிலே பதின்மூவர் வரிசையாக நிற்பதாக மனத்திற் கொள்ளுங்கள். எழுவர் கடல் கடக்க வேண்டும். நால்வர் இருக்கலாம். இருவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த எழுவர் யாவர்? எண் அதைச் சொல்லாது. விகிதம் கூட்டத்துக்கு உரியது. தனி மனிதனுக்கு விகிதம் இல்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரியிலே சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் அந்த எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டனர். நின்ற இருவரில் ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. இந்தியாவின் தொகை 6,00,000 ஆயிற்று. இலங்கையின் தொகை 3,75,000 ஆயிற்று. மரக்காற் கணக்கில் எட்டும் ஐந்தும்.

அழகு செய்யும் ஏமாற்று

ஐந்து, எட்டு, பதின்மூன்று என்றவுடன் எண்களோடு பழகியோர் நிமிர்ந்து உட்காருவர். முன்னிரண்டின் கூட்டுத்தொகையே அடுத்ததாக வரும் புகழ்பெற்ற வரிசையின் உறுப்புகள் அவை. மேலைநாட்டார் இதற்கு இத்தாலியரான பிபனாச்சியின் பெயரை இட்டனர். அவருக்கு முன்பே இந்திய யாப்பு நூலார் இதனை அறிந்திருந்தனர். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரர் இதை விளக்கியிருக்கிறார். தமிழ் மாணவருக்கு இது எளிதில் விளங்கும். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு. குறிலும் நெடிலும் கலந்து ஆறு மாத்திரையை நிரப்பும் வழிகள் பதின்மூன்று. அவற்றுட் குறிலில் முடிவன எட்டு. நெடிலில் முடிவன ஐந்து. ஐயமுடையோர் தாளில் எழுதிப் பார்க்கலாம்.

அப்படியாயின் ஒப்பந்தத்தை வகுத்தோர் யாப்பின் ஒத்திசைவையோ, எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தை அண்மித்து நிற்கும் பொன் விகிதத்தின் அழகையோ கருதினர் என்போமா? இல்லவே இல்லை. இது முற்றிலும் தற்செயல். சிறிய எண்கள் பல வரிசைகளிலே இடம்பெறும். தேடுவோர்க்கு எங்கும் ஏதேனும் ஓர் அழகு அகப்படும். எண்ணின் இயல்புகளிற் சில அதன் பிறப்பைச் சொல்லும். சில வெறும் அணிகலனாய் மின்னும். பத்துக் காரணிகள் முதல் வகை. ஐந்தும் எட்டும் பதின்மூன்றும் இரண்டாம் வகை. இரண்டையும் பிரித்தறிவதே எண்ணறிவு. எண்ணின் அழகிலே மயங்கியவர்க்கு அந்த எண்ணுக்குள் நிற்கும் மனிதர் தெரியமாட்டார்.

விகிதம் உயிர்பெற்றபோது

ஏழுக்கு நான்கு என்ற விகிதம் ஏட்டளவில் நின்றிருந்தால் இதனைக் கணிதப் பயிற்சியாகக் கருதி விட்டுவிடலாம். ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற வேண்டும் என்றும், குடியுரிமை வழங்குவதும் திருப்பி அனுப்புவதும் இயன்றவரை அவ்வத் தொகைகளின் விகிதப்படி ஒன்றுக்கொன்று ஈடாய் நடைபெற வேண்டும் என்றும் விதித்தது. பதினைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 35,000 பேர் போகவேண்டும். 20,000 பேர் குடியுரிமை பெறவேண்டும். இவ்வாறு ஒருவர் இங்கே குடிமகனாவது வேறொருவர் கப்பலேறுவதோடு பிணைக்கப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். பசறையில் இருப்பவரின் உரிமைக்கு அப்புத்தளையில் இருப்பவரின் பயணம் ஈடாயிற்று.

எண் ஒரு பக்கம் நிற்க, மனிதர் மறுபக்கம் நின்றனர். இந்தியக் குடியுரிமை கோரிய விண்ணப்பங்கள் குறித்த 5,25,000ஐ எட்டவில்லை. தாம் பிறந்த மண்ணிலேயே இருக்க விரும்பியோர் வகுத்த பங்கினும் மிகுதி. விகிதம் விருப்பத்தைக் கேட்கவில்லை. விருப்பம் விகிதத்துக்குப் பணியவில்லை. குடும்பமோ வகுபடாத பொருள். அண்ணன் இந்தியப் பதிவு, தம்பி இலங்கைப் பதிவு என்று ஒரே லயத்திலே பிரிந்த குடும்பங்கள் உண்டு. தொகை தேங்கிய நீருமன்று. ஒப்பந்தமே மேற்குறித்த பேர்களோடு அவர்களின் இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்தே கூறியது. கடிதம் எழுதப்பட்ட இரவிலும் தோட்டங்களிற் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் எந்தப் பூச்சியத்திலே அடங்குவர்?

பதுளையே அந்தப் புகைவண்டிப் பாதையின் இறுதி நிலையம். போகிறவர்களுக்கு அது முதல் நிலையமாயிற்று. அங்கிருந்து மேலேறும் வண்டி தெமோதரையிலே நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்தை மேலே வந்தடையும். புறப்பட்டவர் ஒருமுறை வட்டமிட்டுத் திரும்பிப் பார்த்துச் செல்வது போன்ற பாதை அது. பின்னர் மலைநாட்டைக் கடந்து, பொல்காவலையில் வடக்கு நோக்கித் திரும்பி, தலைமன்னாரைச் சேரவேண்டும். உறவினர் கதறி வழியனுப்பிய அந்த வண்டிக்கு மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் இராமானுஜம். புகைவண்டிப் பெட்டியின் எண்ணைப் பகுத்துப் பார்க்கச் சொன்ன மேதையின் பெயரை நினைவூட்டும் அக்கப்பலிலே எத்தனை பேர் ஏறினர் என்பதை அறிய வகுத்தல் உதவாது. ஒவ்வொருவராக எண்ணத்தான் வேண்டும். 1984இல் அந்தக் கப்பற் போக்குவரத்து நின்றது. குறித்த பதினைந்து ஆண்டுகள் அதற்கு முன்பே கழிந்துவிட்டன. குறித்த தொகை நிறையவில்லை.

எண்ணில்லாத சட்டம்

இந்தக் கதையின் முடிவு கணித மாணவன் கவனிக்கத்தக்கது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்க வழி செய்தது. அப்போதும் விடுபட்டோர் இருந்தனர். 2003ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வமிசாவளியினரும், அவ்வாறு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களாய் இலங்கையில் வாழ்வோரும் குடியுரிமை பெறுவர் என்பது அதன் சாரம்.

இரண்டு ஏற்பாடுகளையும் ஒப்பிட்டு நோக்குக. 1964இன் கடிதம் ஒரு தொகையைக் கூறியது, ஆளைக் கூறவில்லை. 2003இன் சட்டம் தொகையைக் கூறவில்லை. ஒரு நிபந்தனையைக் கூறியது. நிபந்தனைக்கு உட்படுவோர் எத்தனை பேராயினும் அத்தனை பேரும் உரிமை பெறுவர். ஒரு கணத்தை வரையறுக்க இரண்டு வழிகள் உண்டு என்று கணிதத்திற் கற்பிக்கிறோம்: உறுப்புகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தலாம், அல்லது உறுப்பாவதற்குரிய தன்மையைச் சொல்லலாம். பெயரும் சொல்லாமல் தன்மையும் சொல்லாமல் தொகையை மட்டும் சொன்னால் கணம் வரையறுக்கப்படுவதில்லை. 1964க்கும் 2003க்கும் இடைப்பட்ட முப்பத்தொன்பது ஆண்டுகளை இந்த எளிய பாடத்தின் விலை எனலாம். கடிதம் எழுதப்பட்ட அதே நாள் புதிய சட்டத்தின் எல்லை நாளாக நின்றது. நாள் நிலைத்தது; எண் உதிர்ந்தது.

தமிழிலே எண்ணுதல் என்ற சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் பொருள்; சிந்தித்தல் என்றும் பொருள். ஒவ்வொருவராகக் கணக்கிடும்போதுதான் ஒவ்வொருவரைப் பற்றியும் சிந்திக்க நேர்கிறது. மொத்தமாகத் தொகையிடும்போது சிந்தனைக்கு வேலையில்லாமற் போய்விடுகிறது. 9,74,098 என்ற எண்ணின் இறுதியில் நிற்கும் தொண்ணூற்றெட்டைக் கணக்காளர் சில்லறை என்று தள்ளிவிடலாம். அந்தத் தொண்ணூற்றெண்மரும் ஏதோ ஒரு வீட்டு வாசலிலே நின்று, கணக்கெடுக்க வந்தவரிடம் தம் பெயரைக் கூறியவர்கள். மனிதரை எண்ணினாற் சில்லறை விழாமல் இருப்பது அரிது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணிகளாகப் பகுத்தலைக் கற்பிக்கும் நாளிலே பாடப்புத்தகத்தின் எண்களோடு நாளிதழில் வரும் எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். இத்தனை பேருக்கு வீடு, இத்தனை பேருக்குக் காணி, இத்தனை பேருக்கு வேலை என்று வரும் தொகைகளைப் பகுக்கச் சொல்லுங்கள். பூச்சியங்களும் ஐந்துகளும் இரண்டுகளும் குவிந்து கிடந்தால், மாணவர் ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழகட்டும்: இது எண்ணி வந்ததா, இசைந்து வந்ததா? நமுனுகுலத்துப் பள்ளியொன்றில் ஒரு பிள்ளை அக்கேள்வியைக் கேட்குமாயின், அதன் பாட்டனும் பாட்டியும் அடங்கி நின்ற அந்தப் பெரிய எண் அன்றுதான் சரியாகப் பகுக்கப்பட்டதாகும்.